கட்டினவனுக்கு எதிரே கட்டியவள்

பாரைத்துறைக்கு எதிரே மணல்திட்டில் சூதாட்டக் கப்பல் ஏறி நின்ற வருஷத்துக்கு மறுவருஷம், மீன்பிடித் தடைக்காலத்தில் ஒரு மத்தியானம், கஸ்பார் என்கிற வள்ளக்காரன் அந்தக் கப்பலில் பகடையைக் கையில் எடுத்தான். அதற்கப்புறம் அந்த மேசையில் ஏழு விழவே இல்லை.

கப்பல் வந்த கதை அந்தக் கரையில் எல்லோருக்கும் தெரியும். எங்கோ கிழக்கே போய்க்கொண்டிருந்ததைப் புயல் தூக்கிவந்து திட்டில் உட்கார வைத்துவிட்டுப் போயிற்று. அது நிற்கிற இடம் கடலா கரையா, கடலென்றால் யார் கடல், கரையென்றால் யார் கரை என்று கோர்ட்டில் வழக்கு நடந்தது. வழக்கு முடிகிறவரை உள்ளே விளக்கெரியலாம், பாட்டுப் போடலாம், ஆடலாம் என்று ஆகிப்போனதால், வலை பொத்திக்கொண்டிருந்த ஊர் முதலில் அங்கே தட்டுக் கழுவப் போய், பிறகு காவலுக்குப் போய், கடைசியில் வாங்கிய சம்பளத்தை அங்கேயே வைத்து ஆடவும் போயிற்று.

கஸ்பாரின் பெண்சாதி எமரென்சி ஆடமாட்டாள். தடைக்காலத்தில் சும்மா கிடந்த தங்கள் ஃபைபர் வள்ளத்தில் வெளியூர் ஆட்களை ஏற்றிக்கொண்டுபோய்க் கப்பலில் விடுவாள், அவர்கள் திரும்பும்வரை பகடை மேசையோரமாக நிற்பாள், நின்று நின்றே அந்த ஆட்டத்தின் நெளிவுசுளிவு அவளுக்குப் பிடிபட்டிருந்தது. வள்ளத்தைப்போல நீளமாய், நாலு பக்கமும் உயர்ந்த பலகையோடு, உள்ளே பச்சைத்துணி விரித்த மேசை அது. ஒருவன் இரண்டு பகடையை எறிவான், மற்றவர்கள் அவனோடு கட்டலாம், அவனுக்கு எதிராகவும் கட்டலாம். முதல் எறியில் ஏழோ பதினொன்றோ விழுந்தால் அவனோடு கட்டியவர்களுக்கு வெற்றி. இரண்டோ மூன்றோ விழுந்தால் எதிரே கட்டியவர்களுக்கு வெற்றி. பன்னிரண்டு விழுந்தால் எதிரே கட்டியவனுக்கு லாபமுமில்லை, நஷ்டமுமில்லை. அது கப்பல்காரன் தனக்கென்று ஒதுக்கிக்கொண்ட சூழ்ச்சி. வேறெந்த எண் விழுந்தாலும் அதுதான் எறிகிறவனுடைய குறி. குறி ஒருமுறை விழுந்துவிட்டால் ஆட்டம் அப்படியே தலைகீழாகிவிடும். அந்தக் குறி மறுபடி வந்தால் அவனோடு கட்டியவர்கள் ஜெயிப்பார்கள், அதற்குமுன் ஏழு வந்தால் எதிரே கட்டியவர்கள் ஜெயிப்பார்கள், பகடையும் கை மாறும். இரண்டு பகடையில் ஏழு விழ எத்தனை வழியோ அத்தனை வழி வேறெந்த எண்ணுக்கும் இல்லை. ஆகவே முதல் எறியைத் தாண்டிவிட்டால் எதிரே கட்டியவன் கைதான் ஓங்கும்.

ஆனாலும் பாரைத்துறைக்காரர்கள் யாரும் எதிரே கட்டியதில்லை. எறிகிறவன் மச்சானாகவோ சித்தப்பாவாகவோ இருப்பான், சுற்றி நின்று எல்லோரும் கத்துவார்கள், அவன் தோற்கவேண்டுமென்று அந்தக் கூட்டத்தின் நடுவே யார் காசு வைப்பது? எதிரே கட்டுவதற்கென்று கோடு கிழித்திருந்த பட்டை மட்டும் கை படாமல், புதுத்துணி மாதிரி பச்சையாகவே இருந்தது.

அன்றைக்கு எமரென்சி அவனைக் கூட்டிப்போகத்தான் மேசைக்கு வந்தாள். "மாமிக்கு மூட்டுவலி மருந்து வாங்கப் போவணும்னு காலையில சொன்னேன்ல, வாங்க" என்றாள்.

"பகடை இப்பதான் எங்கிட்ட வந்திருக்கு. ஒரே ஒரு ஆட்டம், முடிச்சிட்டு வாரேன்" என்றான் கஸ்பார். போன வாரமும் அப்படித்தான் சொன்னான், அதற்கு முந்திய வாரமும் அப்படித்தான்.

அவளுக்குக் கோபம் வந்தது. இடுப்பு முடிச்சிலிருந்து வள்ளக்கூலியை எடுத்து, மேசையில் காசுக்குப் பதிலாக வைக்கும் ஒரு வில்லையாக மாற்றி, யாரும் தொடாத அந்தப் பச்சைப் பட்டையின் நடுவில் வைத்தாள். சுற்றி நின்றவர்கள் சிரிப்பை நிறுத்தினார்கள்.

"ஏட்டி, எனக்கு எதிராவா கட்டுதே?"

"நீங்க சீக்கிரம் தோத்தா சீக்கிரம் வீட்டுக்கு வருவீக."

கஸ்பார் சிரித்துக்கொண்டே எறிந்தான். இரண்டும் இரண்டும். பகடையைக் கோலால் தள்ளிக்கொடுத்து எண்ணைக் கூவுகிற கோல்காரன், குறி நாலு என்றான். மறுபடி எறிந்தான், எட்டு. மறுபடி, ஐந்து. ஆறு, பத்து, ஒன்பது, மூன்று, ஆறு. மாதா கோவிலில் மாலை மணி அடித்தது, அப்போதும் நாலும் வரவில்லை, ஏழும் வரவில்லை. குறி விழுந்தபின் ஐந்துக்கு, ஆறுக்கு, எட்டுக்கு, ஒன்பதுக்கு, பத்துக்கு என்று தனித்தனியாகவும் கட்டலாம், அந்த எண் விழுகிறபோதெல்லாம் ஜெயிக்கலாம், ஏழு வந்தால் மட்டும் எல்லாம் ஒட்டுமொத்தமாகப் போய்விடும். அதனால் கட்டியவர்களெல்லாம் ஜெயித்தார்கள், ஜெயித்ததை மறுபடி கட்டினார்கள், மறுபடியும் ஜெயித்தார்கள். மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும் அப்படியே.

கப்பல் மானேஜர் ஷெனாய் என்ற மங்களூர்க்காரர் பகடைகளை மாற்றிப் பார்த்தார், விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தார், உப்புத் தண்ணீரில் மிதக்கவிட்டுப் பார்த்தார், ஒரு குறையும் இல்லை. தலைமை ஆபீசிலிருந்து டை கட்டிய ஒரு ஆள் கணக்குப் போட்டுப் பார்க்க வந்தான், இது நடக்கக்கூடியதே இல்லை என்று சொன்னான், பிறகு ஆறுக்கும் எட்டுக்கும் கொஞ்சம் கட்டிவிட்டு ஊருக்குத் திரும்பும்போது சொந்தக் காரில் போனான். ஏழு விழுகிறவரை பகடை கை மாறக்கூடாது என்பது கப்பலின் சட்டம், அது வாசலில் பித்தளைப் பலகையில் வெட்டி வைத்திருந்தது. பகடை மேசையில் போன காசு, அதிசயம் பார்க்க வந்த வெளியூர்க் கூட்டம் சீட்டு மேசையில் விட்ட காசோடு ஒப்பிட்டால் தூசு என்று கண்டபின் ஷெனாயும் அந்தச் சட்டத்தை மாற்ற நினைக்கவில்லை. மேசையோரத்தில் கஸ்பாருக்கு ஒரு கட்டில் போட்டார்கள். அவன் தூங்கினால் ஊர் தூங்கியது, அவன் எழுந்தால் கோவில் மணி அடித்து ஊரை எழுப்பினார்கள்.

ஊர் அந்த அதிசயத்தைச் சோற்றோடு சோறாகப் பிசைந்து தின்று பழகிவிட்டது. தடைக்காலம் முடிந்தது, ஒரு வள்ளமும் கடலுக்குப் போகவில்லை. வலைகள் ஆட்டுக்கிடைக்கு வேலியாயின. ஓட்டு வீடுகள் மாடி வீடுகளாயின, மாடி வீடுகள் மேல் இன்னொரு மாடி ஏறிற்று. ஏழு என்று வாயால் சொன்னால் விழுந்துவிடுமோ என்று பயந்து, ஆறுக்கு அடுத்தது என்று சொல்லத் தொடங்கினார்கள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் ஆறு, எட்டு, ஒன்பது என்று பாடினார்கள். கடிகாரங்களில் அந்த ஓர் எண்ணைச் சுரண்டி எடுத்தார்கள். வளைகாப்பை எட்டாம் மாதத்துக்குத் தள்ளினார்கள். இனி இந்த ஊரில் ஏழையே கிடையாது, அந்தச் சொல்லின் முதல் பாதியே நமக்கு ஆகாது என்று ஊர்க் கமிட்டித் தலைவர் மச்சாது மேடையில் பேசிக் கைதட்டல் வாங்கினார். வியாகுல மாதாவின் நெஞ்சில் குத்தியிருந்த ஏழு வாளில் ஒன்றைக் கோயில்பிள்ளை ஒருநாள் பிடுங்கி எடுத்துத் துணியில் சுற்றி வைத்தபோது, மாதாவுக்கும் கொஞ்சம் வலி குறையட்டுமே என்று பெண்கள் சொல்லிக்கொண்டார்கள்.

அந்தப் பச்சைப் பட்டையில் எமரென்சியின் ஒற்றை வில்லை மட்டும் இருந்த இடத்தில் இருந்தது.

முதலில் அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பிறகு அது கண்ணில் விழுந்த தூசி மாதிரி உறுத்த ஆரம்பித்தது. ஒருத்தி எதிரே கட்டி வைத்திருக்கும்வரை அந்த எண்ணுக்கு ஒரு வாசல் திறந்தே கிடக்கிறது என்று யாரோ சொன்னார்கள், அது ஊரெல்லாம் பரவிற்று. 'கட்டினவனுக்கு எதிரே கட்டினவள்' என்று அவளுக்குப் பேர் வைத்தார்கள். தண்ணீர்க் குழாயில் அவள் குடத்தை வைத்தால் மற்றவர்கள் தங்கள் குடத்தை எடுத்துக்கொண்டு நகர்ந்தார்கள். ஊர் கஸ்பாருக்கு நன்றியாகக் கட்டிக்கொடுத்த மாடி வீட்டில் அவள் ஒருநாளும் படுக்கவில்லை. அவனுடைய தாய் செசிலி மட்டும் அந்தப் பளபளத் தரையில் பெருமையோடு நடந்தாள், பழைய வீட்டிலிருக்கும் மருமகளைப் பார்த்தால் காறித் துப்பினாள்.

ஷெனாய் மரியாதையாகத்தான் பேசினார். "எடுத்துக்குங்கம்மா. குறி விழுந்தப்புறம், எறியறவரோட சேந்து கட்டினவங்க எடுக்க முடியாது. எதிரே கட்டினவங்க எப்ப வேணும்னாலும் எடுக்கலாம். சட்டமே உங்களுக்குச் சலுகை குடுக்குது."

"எடுக்கலாம்னுதானே சட்டம்? எடுத்தே ஆகணும்னு இல்லையே" என்றாள் எமரென்சி. "நீங்களே எடுக்கச் சொல்லி வழி விடுதீகன்னா, என் கட்டு நல்ல கட்டுன்னு உங்களுக்குத் தெரியுது. கெட்ட கட்டை யாரு சார் திருப்பிக் குடுப்பா?"

பங்குச்சாமியாரும் வந்தார். புது மணிக்கூண்டின் சாரம் இன்னும் பிரிக்கப்படாமல் நின்றது. "ஊர் நல்லா இருக்கக் கூடாதா எமரென்சி?" என்று கேட்டார்.

"நல்லா இருக்கட்டும் சாமி. எங்க வீட்டுக்காரரைத் தின்னு நல்லா இருக்க வேண்டாம்."

அவரும் கஸ்பாரைப் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தார். வெயிலில் கருத்து இறுகிப்போன உடம்பு அது, இப்போது வெயில் படாமல் மீனின் அடிவயிறு மாதிரி வெளுத்துவிட்டது. எறிகிற தோள் பானை மாதிரி வீங்கி மற்றத் தோள் சூம்பிப்போயிற்று. சோறு வேண்டுமா என்று கேட்டால் ஒன்பது என்பான், நல்லா தூங்குனீங்களா என்று கேட்டால் பத்து, ஐந்து என்பான். எமரென்சி தினமும் வள்ளத்தில் போய் அவனுக்கு ஊட்டி, முகம் துடைத்து, தோளில் எண்ணெய் தேய்த்துவிட்டு வருவாள். தொடக்கத்தில் அவன் அவள் கையைத் தட்டிவிட்டான். "ஊரே எங்கூட நிக்குது, நீ மட்டும் எதிர்ல நிக்கே" என்று எல்லோர் முன்னாலும் கத்தினான். அவள் அடுத்த உருண்டையை உருட்டினாள்.

மழைக்காலத்தில் ஒருநாள், வெளியே இடி இடித்து விளக்குகள் ஒருமுறை அணைந்து எரிந்த நேரம், அவன் அவள் காதுப்பக்கம் சாய்ந்தான்.

"எமரென்சி."

எத்தனையோ காலத்துக்குப் பிறகு அவன் வாயிலிருந்து ஒரு பெயர் வந்தது.

"எடுத்துராத" என்றான். "எனக்கே எதிரா நான் கட்ட முடியாது. பகடை வச்சிருக்கவன் எப்படிக் கட்டுவான், கையை ஒடிச்சிருவானுவ. நீ எடுத்துராத, ஏட்டி. அது ஒண்ணுதான் அங்க கெடக்கு."

"எடுக்க மாட்டேன்" என்றாள் அவள்.

அவர்கள் பேசியது கோல்காரன் காதில் விழுந்ததோ, அவனாகவே ஊகித்தானோ, அடுத்த வாரமே கமிட்டியும் கப்பலும் கலந்து பேசி ஒரு புதுச் சட்டம் போட்டார்கள். மேசையில் காசு கிடக்கிறவர் தினமும் உச்சிக்குள் மேசைக்கு வந்து முகம் காட்டவேண்டும், காட்டாவிட்டால் கட்டு செல்லாது. அந்தச் சட்டம் யாருக்காகப் போட்டது என்று எல்லோருக்கும் தெரிந்தது. மறுநாள் காலையில் எமரென்சி கரைக்குப் போனபோது அவளுடைய வள்ளத்தின் அடியில் கோடாலியால் கொத்தியிருந்தது, எஞ்சினைக் காணவில்லை. மற்ற வள்ளக்காரர்கள் வரிசையாகத் தங்கள் வள்ளத்தின் மேல் உட்கார்ந்து வேறு பக்கம் பார்த்தார்கள். கரைமேட்டில் மச்சாது குடை பிடித்து நின்றார்.

"வீட்டுக்குப் போம்மா. ஒருநாள் ஓய்வெடு" என்றார்.

எமரென்சி சேலையைத் தார்பாய்ச்சிக் கட்டினாள். தலைமுடியை இறுக்கி முடிந்தாள். எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கக் கடலில் இறங்கி, முதல் அலையைக் குனிந்து வாங்கி, இரண்டாவது அலைக்கு அப்பால் நீந்த ஆரம்பித்தாள்.

பாதி வழியில் அவளுக்குக் கை ஓய்ந்தது. வாடைக்காற்று எதிரே அடித்தது, வாயில் தண்ணீர் ஏறியது, கப்பல் கிட்ட வருவதற்குப் பதில் தள்ளிப்போவது மாதிரி தெரிந்தது. அப்போது பின்னால் துடுப்புச் சத்தம் கேட்டது. ஒரு பழைய கட்டுமரம். அதில் முட்டி போட்டு உட்கார்ந்து, மூட்டுவலிக்காரி செசிலி தொளவை போட்டுக்கொண்டு வந்தாள். அவளுக்குப் பின்னால் இன்னும் மூன்று பெண்கள் இருந்தார்கள். மேசையைச் சுற்றி நிற்கப் போன புருஷன்மார் வீட்டுப்பக்கமே வராத பெண்கள்.

"ஏறு" என்றாள் செசிலி.

எமரென்சி கட்டையைப் பிடித்துத் தொங்கினாள். "என்ன மாமி, புதுசா?"

"நேத்து அவனப் பாக்கப் போனேன். கட்டில்கிட்ட உக்காந்து, ராசா, அம்மா வந்திருக்கேம்லன்னேன். என் மூஞ்சியப் பாத்து, எட்டுக்கா கட்டினீங்கன்னு கேக்கான்." தொளவையை ஓங்கித் தண்ணீரில் குத்தினாள். "பெத்தவளப் பாத்து. ஏறுட்டி மேல, நேரமாவுது."

உச்சி மணி அடிப்பதற்குள் சொட்டச் சொட்ட அவர்கள் மேசைக்கு வந்துசேர்ந்தார்கள். கூட்டம் தானாக விலகியது. செசிலி தன் மடியிலிருந்து மாடி வீட்டுச் சாவியை எடுத்துப் பச்சைப் பட்டையில் வைக்கப் போனாள். கோல்காரன் கோலை நீட்டித் தடுத்தான்.

"குறி விழுந்தாச்சு பாட்டி. புது ஆளு எதிரே சேர முடியாது" என்றார் ஷெனாய். "ஏற்கெனவே எதிரே கட்டியிருக்கவங்க வேணும்னா தங்க கட்டைக் கூட்டிக்கலாம். அவ்வளவுதான் சட்டம்."

செசிலி சாவியைப் பார்த்தாள். அந்த வீட்டின் தரையில் தன் முகம் தெரிவதை அவள் வருகிறவர்களுக்கெல்லாம் காட்டியிருக்கிறாள். சாவியை மருமகளின் ஈரக்கையில் வைத்து விரல்களை மடக்கினாள். "அப்ப நீ கூட்டி வையி." மற்ற மூன்று பேரும் தங்கள் முடிச்சுகளை அவிழ்த்தார்கள், ஒருத்தி தன் புருஷன் முகத்தை நேராகப் பார்த்துக்கொண்டே அவிழ்த்தாள்.

எமரென்சி எல்லாவற்றையும் தன் வில்லைக்குப் பக்கத்தில் அடுக்கினாள். ஷெனாய் குனிந்து தணிந்த குரலில் சொன்னார்: "யோசிங்கம்மா. நாலுக்கு எதிரே கூட்டினா ரெண்டு வச்சு ஒண்ணுதான் ஜெயிக்கலாம். கப்பல் இதுல ஒரு பைசா தின்னாது, நேர்மையான கட்டுதான், ஆனா நாலு வந்துட்டா வீடு போயிரும். ஒரு மடங்குக்காக ரெண்டு மடங்கை யாராவது வைப்பாங்களா?"

"எனக்கு ரெண்டும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்" என்றாள் எமரென்சி. பிறகு ஊர் முழுக்கக் கேட்கும்படி, பல மாதங்களாக அந்தக் கரையில் யாரும் சொல்லாததைச் சொன்னாள். "ஏழு வேணும்."

சிலர் காதைப் பொத்தினார்கள். ஒருவன் சிலுவை போட்டுக்கொண்டான். "வாய மூடுடி!" என்று யாரோ பின்னாலிருந்து கத்த, செசிலி அந்தப் பக்கம் திரும்பி, "ஏழு" என்றாள், மற்ற மூன்று பெண்களும் சொன்னார்கள், கப்பல் சமையலறை வாசலில் தட்டோடு நின்ற ஒருத்தியும் சொன்னாள்.

கஸ்பார் பகடையைக் கையில் வைத்துக்கொண்டு தன் தாயைப் பார்த்தான். அவள் முந்தானையிலிருந்து தரையில் சொட்டும் கடல்தண்ணீரைப் பார்த்தான். எமரென்சியைப் பார்த்தான்.

"எறியுங்க" என்றாள் அவள்.

எறிந்தான். ஒரு பகடை அங்கேயே ஐந்தைக் காட்டி நின்றது. மற்றது எதிர்ப்பலகையில் மோதி, மச்சாது எட்டின்மேல் அடுக்கியிருந்த வில்லைக் கோபுரத்தை இடித்துத் தள்ளிவிட்டு, திரும்பி உருண்டு வந்து இரண்டைக் காட்டியது.

கோல்காரனுக்குக் கூவத் தெரியவில்லை, அந்தச் சொல் அவனுக்கு வரவில்லை. ஷெனாய்தான் சொன்னார். பிறகு மேசையில் கிடந்த ஊர்ச்சொத்து முழுவதும் ஒரே வழிப்பில் கப்பலுக்குப் போய்ச் சேர்ந்தது. பச்சைப் பட்டையில் இருந்ததை மட்டும் யாரும் தொடவில்லை. எமரென்சி ஜெயித்ததை எண்ணாமல் வாங்கி அந்த மூன்று பெண்களின் மடியில் போட்டாள், சாவியை மாமியிடம் கொடுத்தாள், தன் வில்லையை எடுத்து முடிச்சில் வைத்துக்கொண்டாள். கஸ்பாரின் கையைப் பிடித்தாள்.

"உனக்கு எதிரா கட்டினவ கூடவாலே போறே?" என்று மச்சாது கேட்டார்.

கஸ்பார் சொற்களை ஒவ்வொன்றாகத் தேடி எடுத்தான். "நீங்கல்லாம் ஆறுக்கும் எட்டுக்கும் கட்டினீக அண்ணாச்சி" என்றான். "என்மேல கட்டினது இவ ஒருத்திதான்."

கட்டுமரத்தில் அவனைப் படுக்கவைத்து அழைத்துவந்தார்கள். அதற்குள் செய்தி கரைக்கு வந்திருந்தது. மேட்டிலிருந்து அலைவாய்வரை ஊர் நெருக்கியடித்து நின்றது, வழி விடவில்லை. ஒருத்தி மண்ணை வாரித் தூற்றினாள். செசிலி துடுப்பை ஓங்கிக்கொண்டு முன்னால் போனாள். எமரென்சி அவளைத் தடுத்தாள். சுற்றிக்கொண்டு போக வேறு வழி இருந்தது, அதிலும் அவள் போகவில்லை. ஈர மணல் முடிந்து காய்ந்த மணல் தொடங்கும் இடத்தில், ஊருக்கு நேர் எதிரே, சப்பணமிட்டு உட்கார்ந்தாள். கஸ்பாரின் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். உச்சி சாய்ந்த வெயில் அவனுடைய வெளுத்த நெஞ்சில் விழுந்தது. அவன் கண்ணை மூடினான், வலது கை இரண்டுமுறை எதையோ எறிவதுபோல இழுத்தது, பிறகு விரல்கள் விரிந்து மணலில் விழுந்தன. குறட்டை வந்தது.

ஊர் நின்று பார்த்தது. ஏசிப் பார்த்தது, அழுது பார்த்தது. அவள் சேலைத்தலைப்பால் அவன் முகத்துக்கு நிழல் பிடித்தாள், கை மாற்றி மாற்றிப் பிடித்தாள். முதலில் பிள்ளைகளுக்குப் பசித்தது, பிறகு பெரியவர்களுக்கும் பசித்தது. ஆளாளாகத் திரும்பிப் போனார்கள். சிலர் போகிற வழியில் ஆட்டுக்கிடை வேலியிலிருந்த தங்கள் வலையை அவிழ்த்துப் பார்த்து, எங்கெங்கே பொத்தல் என்று தடவினார்கள்.

கடைசியாக மச்சாது மட்டும் குடையை மடக்கிக்கொண்டு கிட்டத்தில் வந்தார்.

"அவனை எழுப்பும்மா" என்றார். "ஊர் அவங்கிட்டப் பேசணும்."

எமரென்சி நிமிர்ந்து பார்த்தாள்.

"தூங்குதாரு" என்றாள். "நாளைக்கு வாங்க."